பானுமதி ராமகிருஷ்ணா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பானுமதியை எந்த மொழி நடிகை என்று சொல்வது?

பிறப்பால் அவர் தெலுங்கர். தொழிலால் தென்னிந்தியத் திரையுலகம் முழுவதற்கும் உரியவர். ஆந்திரர்கள் அவரை 'மல்லீஸ்வரி'யாக நினைவில் வைத்திருக்கிறார்கள். தமிழர்களுக்கு அவர் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்து மார்ஜியானா, 'மதுரை வீரன்' பொம்மி, 'அன்னை' படத்துத் தாய். நடிப்பு, பாட்டு, தயாரிப்பு, இயக்கம், இசையமைப்பு, கதை எழுதுதல் ஆகிய அனைத்தையும் ஒருவரே செய்ததால் அவரை 'அஷ்டாவதானி' (ஒரே நேரத்தில் எட்டு வேலைகளில் கவனம் செலுத்த வல்லவர்) என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. பட்டங்கள் பலருக்கும் தாராளமாக வழங்கப்பட்ட காலம் அது. ஆயினும் இந்தப் பட்டத்தில் மிகை ஏதும் இல்லை. தன் குரல், தன் சம்மதம், தன் விலகல் ஆகிய மூன்றையும் கடைசிவரை தன் கையிலேயே வைத்துக்கொண்ட நடிகை என்ற வகையில் அவருக்கு இணையாக அந்தத் தலைமுறையில் இன்னொருவரைக் காட்டுவது கடினம்.

அவர் பிறந்த ஊர் எது? இசை அவருக்கு எப்படி வந்தது?

1925 செப்டம்பர் 7 அன்று, இன்றைய பிரகாசம் மாவட்டத்தில் ஓங்கோலுக்கு அருகிலுள்ள தொட்டவரம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பொம்மராஜு வெங்கட சுப்பையா கர்நாடக இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். மகளுக்கு முதல் குருவும் அவரே. தியாகராஜரின் கிருதிகளைப் பிள்ளைப் பருவத்திலேயே பாடப் பழகிய ஒரு குரலே பின்னாளில் திரையில் குறும்பும் காதலும் கோபமும் பேசியது. அவருடைய மிக எளிய மெட்டுப் பாடல்களில்கூட கமகம் (சுரங்களை அசைத்துப் பாடும் நயம்) தடுமாறாமல் விழுவதற்கு வீட்டில் கிடைத்த அந்தப் பயிற்சியே காரணம்.

திரைக்கு எப்படி வந்தார்?

சி. புல்லையா இயக்கிய 'வரவிக்ரயம்' (1939) என்ற தெலுங்குப் படமே அவருடைய முதல் படம். காள்ளகூரி நாராயணராவ் எழுதிய, வரதட்சணைக் கொடுமையைச் சாடும் புகழ்பெற்ற நாடகத்தைத் தழுவியது அது, கல்கத்தாவில் எடுக்கப்பட்டது. அதில் காளிந்தி என்ற பெண்ணாக நடித்தபோது பானுமதிக்கு வயது பதினான்கைத் தொடவில்லை. அவருடைய தங்கையாக நடித்தவர் புஷ்பவல்லி. தியாகராஜரின் 'பலுகவேமி நா தெய்வமா' என்ற பூர்ணசந்திரிகா ராகக் கிருதியை அந்தப் படத்தில் பானுமதி பாடியிருக்கிறார்.

மகள் பாட வேண்டும் என்று விரும்பிய தந்தைக்கு அவர் நடிப்பதில் அச்சம் இருந்தது. ஆண் நடிகர் யாரும் மகளைத் தொட்டு நடிக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரிலேயே அவர் ஒப்புக்கொண்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. தொடக்கத்தில் அது தந்தை விதித்த கட்டுப்பாடு. பின்னாளில் பானுமதி தாமாகவே தம் படங்களுக்கு நிபந்தனை விதிக்கும் நிலைக்கு வந்தார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திருமணத்துக்குப் பிறகு நடிப்பை விட்டுவிட நினைத்தாரா?

ஆம். 'கிருஷ்ண பிரேமா' (1943) படத்தில் நடித்தபோது அங்கே உதவி இயக்குநராகப் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ண ராவை அவர் விரும்பினார். ராமகிருஷ்ண ராவ் வசதியற்றவர் என்பதால் பெண் வீட்டார் எதிர்த்தனர். 1943 ஆகஸ்டில் அந்த எதிர்ப்பையும் மீறித் திருமணம் நடந்தது. அதன்பின் குடும்பமே போதும் என்றுதான் பானுமதி இருந்தார். இயக்குநர் பி.என். ரெட்டி வற்புறுத்தியதாலேயே 'சொர்க்கசீமா'வில் நடிக்க வந்தார். நாகையாவுடன் அவர் நடித்த அந்தப் படத்தில், குடும்பஸ்தன் ஒருவனைத் தன்பால் ஈர்க்கும் நாடக நடிகையின் வேடம் அவருக்கு. 'ஓ பாவுரமா' என்று புறாவை விளித்து அவர் பாடிய பாட்டு, மேல்நாட்டு மெட்டின் சாயலில் அமைந்தது. கிருதி பாடிய அதே தொண்டையிலிருந்து இப்படியொரு மயக்கும் குரல் வரும் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. விலக நினைத்தவரை அந்த ஒரு பாட்டு தென்னிந்தியா எங்கும் கொண்டு சேர்த்தது.

தமிழுக்கு எப்போது வந்தார்?

'ராஜமுக்தி' (1948) அவருடைய முதல் தமிழ்ப் படம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலிருந்து விடுதலையான எம்.கே. தியாகராஜ பாகவதர் மீண்டும் எழுந்து நிற்பதற்காகப் புனேயில் எடுத்த படம் அது. எம்.ஜி.ஆரும் வி.என். ஜானகியும் அதில் நடித்தார்கள். அதற்கு வசனம் எழுதச் சென்ற புதுமைப்பித்தன் புனேயில் நோய்வாய்ப்பட்டுத் திரும்பி, அதே ஆண்டு காலமானார். படம் ஓடவில்லை. ஒரு பெரும் பாடகரின் காலம் முடியும் இடத்தில் இன்னொரு பாடும் நடிகையின் காலம் தமிழில் தொடங்கியது என்ற வகையில், தமிழ்த் திரை வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு.

அடுத்த ஆண்டே ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்' (1949) வெளியானது. எம்.கே. ராதா இரட்டை வேடத்தில் நடித்த அந்தப் படத்தில் பானுமதி பாடிய 'லட்டு லட்டு மிட்டாய் வேணுமா' பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. எஸ்.எஸ். வாசன் அதே கதையை இந்தியில் 'நிஷான்' என்ற பெயரில் எடுத்தபோதும் கதாநாயகி பானுமதிதான்.

பரணி நிறுவனம் பற்றிச் சொல்ல முடியுமா?

கணவனும் மனைவியும் சேர்ந்து தொடங்கி, மகன் பெயரைச் சூட்டிய நிறுவனம் அது. முதலில் 'ரத்னமாலா', பிறகு நாகேஸ்வர ராவுடன் 'லைலா மஜ்னு' (1949), 'விப்ரநாராயணா' (1954) என்று படங்கள் வந்தன; சென்னை சாலிகிராமத்தில் சொந்த ஸ்டுடியோவும் எழுந்தது. 'விப்ரநாராயணா' தமிழர்களுக்கு நெருக்கமான கதை. திருவரங்கத்தில் மாலை கட்டிச் சேவித்துவந்த தொண்டரடிப்பொடி ஆழ்வார், தேவதேவி என்ற கணிகையிடம் மனம் பறிகொடுத்து மீண்ட வரலாறே அது. தேவதேவியை வெறும் மயக்குக்காரியாகக் காட்டாமல், செய்த செயலுக்கு வருந்தும் பெண்ணாக பானுமதி உயர்த்தினார். சிவாஜி நடித்த 'மணமகன் தேவை' (1957), சரத்சந்திரரின் கதையைத் தழுவிய 'கானல் நீர்' (1961) ஆகியவை பரணியின் தமிழ்ப் படங்கள்.

பெரும்பாலான நடிகைகள் முதலாளிகளின் ஒப்பந்தத்தை நம்பி வாழ்ந்த காலத்தில், பானுமதிக்குச் சொந்தமாகப் படமெடுக்கவும் இடம் இருந்தது. ஒரு வாய்ப்பு கைநழுவினால் நாளை என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு இல்லாமல் போனதற்கு இதுவும் முக்கியமான காரணம். அவருடைய சுயமரியாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதற்கு அடித்தளமாக இருந்த இந்தப் பொருளாதாரத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

தமிழில் படம் இயக்கிய முதல் பெண் பானுமதியா?

இல்லை. அந்தப் பெருமை 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கிய டி.பி. ராஜலட்சுமிக்கு உரியது. பானுமதி செய்த சாதனை வேறு வகையானது. 'சண்டிராணி' (1953) படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளில் அவரே இயக்கினார். சண்டி, ராணி என்ற இரட்டைச் சகோதரிகளாகவும் அவரே நடித்தார். ஒரு காட்சியைத் தமிழில் எடுத்து முடித்தவுடன் அதையே வேறு மொழியில் பேசி நடிக்க வேண்டும். இரட்டை வேடம் என்பதால் ஒவ்வொரு மொழியிலும் இரண்டு பாத்திரங்களின் உடல்மொழியையும் பிரித்துக் காட்ட வேண்டும். இதற்கிடையே கேமராவுக்குப் பின்னால் நின்று மற்றவர்களையும் இயக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. இசையமைத்துக்கொண்டிருந்த சி.ஆர். சுப்பராமன் இடையிலேயே மறைந்ததால், அவருடைய உதவியாளராக இருந்த எம்.எஸ். விஸ்வநாதன் எஞ்சிய பணியை முடித்துக்கொடுத்தார். கண்டசாலாவும் பானுமதியும் பாடிய 'வான் மீதிலே இன்பத் தேன் மாரி பெய்யுதே' இன்றும் கேட்கத் தெவிட்டாத பாட்டு.

பிற்காலத்திலும் அவர் படங்களை இயக்கினார். 'இப்படியும் ஒரு பெண்' (1975) படத்தை இயக்கியதோடு அதற்கு இசையும் அமைத்தார்.

பின்னணிப் பாடகிகள் வந்த பிறகும் அவர் ஏன் தாமே பாடினார்?

1950களின் தொடக்கத்திலேயே நடிப்பவர் வேறு, பாடுபவர் வேறு என்ற ஏற்பாடு நிலைபெற்றுவிட்டது. பி. சுசீலா, ஜிக்கி, பி. லீலா போன்றவர்கள் கதாநாயகிகளுக்குப் பாடத் தொடங்கியிருந்தார்கள். பாடி நடிக்கும் பழைய வழக்கத்தைச் சார்ந்திருந்த பலர் மெல்ல ஒதுங்கினார்கள். பானுமதி ஒதுங்கவில்லை, அவருடைய குரல் திரையில் ஒலித்தே தீர வேண்டும் என்ற நிலையை இசையமைப்பாளர்களும் மகிழ்ச்சியோடு ஏற்றார்கள்.

'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் 'மாசிலா உண்மைக் காதலே' பாட்டை எடுத்துக்கொள்வோம். ஏ.எம். ராஜாவின் குரல் பட்டுப்போல் மென்மையாக வருகிறது. அதற்கு விடையாக வரும் பானுமதியின் குரல் குழைந்து அடங்கிப் போவதில்லை. சற்றே கனத்த, கீழ் ஸ்தாயியில் ஊன்றி நிற்கும் குரல் அது. காதலனின் சொல்லை நம்பலாமா என்று கேட்கும் பெண்ணின் ஐயம் அந்தக் குரலின் நிறத்திலேயே இருக்கிறது. அதே படத்தில் 'அழகான பொண்ணு நான்' என்று பாடும்போது, சொற்களின் முனையில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துவிடுகிறார். 'அம்பிகாபதி'யில் டி.எம். சௌந்தரராஜனுடன் பாடிய 'கண்ணிலே இருப்பதென்ன', 'நாடோடி மன்னன்' படத்தில் 'சம்மதமா' என்று தொடங்கும் பாட்டு, 'அன்னை'யில் 'பூவாகி காயாகி' ஆகிய ஒவ்வொன்றிலும் பாத்திரத்தின் மனம் பாட்டுக்குள் தொடர்கிறது. பேசிய குரலே பாடவும் செய்வதால் வசனத்துக்கும் பாட்டுக்கும் இடையே தையல் தெரிவதில்லை. சுசீலாவின் இனிமையோடு ஒப்பிட்டு இது குறைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. என் கணிப்பில் இரண்டும் ஒப்பிடத் தக்கவை ஆகா. பானுமதியின் பாட்டை நடிப்பின் நீட்சியாகக் கேட்டால்தான் அதன் முழு மதிப்பும் விளங்கும்.

எம்.ஜி.ஆருடன் அவர் நடித்த படங்கள் எவை? 'நாடோடி மன்ன'னில் அவருடைய பாத்திரம் பாதியில் இறப்பது ஏன்?

நாமக்கல் கவிஞரின் நாவலைத் தழுவிய 'மலைக்கள்ளன்' (1954) எம்.ஜி.ஆரைப் பெரிய நட்சத்திரமாக்கிய படம். அதில் பூங்கோதையாக நடித்தவர் பானுமதி. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'மதுரை வீரன்', தேவர் பிலிம்ஸின் முதல் படமான 'தாய்க்குப் பின் தாரம்' ஆகிய மூன்றும் 1956 என்ற ஒரே ஆண்டில் வெளிவந்தன. அதே ஆண்டில் சிவாஜியுடன் 'ரங்கூன் ராதா'வும் வந்தது. ஒரு நடிகையின் வாழ்க்கையில் இப்படியோர் ஆண்டு அமைவது அரிது. அப்போது அவர் எம்.ஜி.ஆரைவிட மூத்த நட்சத்திரமாகவே கருதப்பட்டார்.

எம்.ஜி.ஆர். தம் சொத்தையெல்லாம் வைத்துத் தயாரித்து, முதன்முறையாக இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) படத்தின்போது, காட்சிகளைத் திரும்பத் திரும்பப் படமாக்கியது குறித்து இருவருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது என்று சொல்லப்படுகிறது. பானுமதி விலகிக்கொள்ள, அவருடைய பாத்திரம் இறப்பதாகக் கதை அமைக்கப்பட்டது. பிற்பகுதியில் சரோஜாதேவி கதாநாயகியாக வந்தார். இது தீராப் பகையாக முடிந்தது என்று எண்ணிக்கொள்வது தவறு. அதன் பிறகும் 'ராஜா தேசிங்கு' (1960), 'கலை அரசி' (1963), 'காஞ்சித் தலைவன்' (1963) ஆகியவற்றில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் பானுமதி தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார்.

'மிஸ்ஸியம்மா'விலிருந்து அவர் விலகியது ஏன்?

விஜயா நிறுவனம் 'மிஸ்ஸியம்மா'வின் தெலுங்கு வடிவமான 'மிஸ்ஸம்மா'வைத் தொடங்கியபோது முதலில் பானுமதியைத்தான் ஒப்பந்தம் செய்திருந்தது. சில ரீல்கள் எடுக்கவும்பட்டன. வரலட்சுமி நோன்பு நாளன்று பூஜை முடித்துத் தாமதமாக வருவதாக அவர் முன்கூட்டியே தெரிவித்திருந்தார் என்றும், அந்தச் செய்தி உரியவரிடம் போய்ச் சேரவில்லை என்றும் சொல்வார்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் தயாரிப்பாளர் சக்ரபாணி. தவறே செய்யாதபோது மன்னிப்பு எதற்கு என்று பானுமதி மறுத்தார். எடுத்த ரீல்கள் கைவிடப்பட்டன. இரண்டாம் கதாநாயகியாக நடிக்கவிருந்த சாவித்திரி முதன்மை வேடத்துக்கு உயர்ந்தார். சாவித்திரிக்கு உரியதாக இருந்த வேடம் ஜமுனாவுக்குப் போனது. 1955இல் வெளியான அந்தப் படமே சாவித்திரியை உச்சிக்குக் கொண்டுசென்றது.

தாம் விலகியதால் ஒரு மகத்தான நடிகை கிடைத்தார் என்று பானுமதி பின்னாளில் மனமாரச் சொன்னதுண்டு. இழந்த வேடத்தை எண்ணி அவர் புலம்பியதாக எங்கும் பதிவில்லை.

அவருடைய நடிப்பின் உச்சம் எது?

தெலுங்கில் 'மல்லீஸ்வரி' (1951) என்பதில் பெரும்பாலோருக்கு மாற்றுக் கருத்து இல்லை. விஜயநகரப் பேரரசின் காலத்துக் கதை அது. மாறுவேடத்தில் வந்த கிருஷ்ணதேவராயரிடம், மல்லிக்கு அரண்மனைப் பல்லக்கை அனுப்பச் சொல்லுங்கள் என்று அவளுடைய அத்தை மகன் விளையாட்டாகக் கேட்டுவிடுகிறான். ஒரு நாள் பல்லக்கு உண்மையாகவே வந்து நிற்கிறது. பொன்னுக்கு ஆசைப்பட்ட தாய் அனுப்பிவைக்க, காதலைப் பறிகொடுத்து அரண்மனைக்குள் அடைபடும் அந்தப் பெண்ணின் துயரத்தைப் பெரிய அழுகைகள் ஏதுமின்றி பானுமதி காட்டினார்.

தமிழில் நான் முதலிடம் கொடுப்பது 'ரங்கூன் ராதா'வுக்கு. அண்ணாவின் நாவல்; திரைக்கதை, வசனம் மு. கருணாநிதி. மனைவி ரங்கத்தின் தங்கையையும் அவள் சொத்தையும் அடையத் துடிக்கும் கணவன், ரங்கத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரை நம்பவைத்துச் சிறைப்படுத்துகிறான். கணவனாக சிவாஜி வஞ்சகத்தின் பல முகங்களையும் காட்டி நடிக்கும்போது, எதிரில் நிற்பவர் மங்கிப்போவதற்கே வாய்ப்பு அதிகம். பானுமதி மங்கவில்லை. தெளிவாக இருக்கும் ஒருத்தி, நான் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லச் சொல்ல அதுவே பைத்தியத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளப்படும் அவலத்தை, குரலை உயர்த்தாமல், கண்ணில் தேங்கும் திகைப்பாலேயே அவர் உணர்த்துகிறார். அண்ணா அவரை 'நடிப்பின் இலக்கணம்' என்று பாராட்டியதாகச் சொல்வார்கள்.

ஏவி.எம். தயாரிப்பில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய 'அன்னை' (1962) வேறொரு வகையில் துணிச்சலானது. தங்கையின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் குழந்தையற்ற பெண்ணாக அதில் நடித்தார். அந்தப் பாசத்தில் தியாகத்தோடு பிடிவாதமும், பெற்றவள் வந்து பறித்துவிடுவாளோ என்ற பொறாமையும் கலந்திருக்கின்றன. தாய்மையைக் களங்கமற்ற தெய்வமாகவே காட்டிவந்த காலத்தில், உரிமை கொண்டாடித் தவிக்கும் தாயை ரசிகர்கள் வெறுக்காமல் பார்த்துக்கொள்வதற்குப் பெரிய திறமை வேண்டும்.

அவர் திமிர் பிடித்தவர் என்று சொல்லப்படுவது உண்மையா?

அவர் கண்டிப்பானவர்; மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவர்; நெருக்கமான காதல் காட்சிகளில் தமக்கென ஓர் எல்லை வகுத்து அதைத் தாண்ட மறுத்தவர். இவையெல்லாம் உண்மை. ஆனால் இதே குணங்கள் ஒரு கதாநாயகனிடம் இருந்தபோது அவற்றுக்கு ஆளுமை என்றும் தன்மானம் என்றும் பெயர் சூட்டப்பட்டதை நாம் அறிவோம். மன்னிப்புக் கேட்க மறுத்ததும், விருப்பமற்ற படத்திலிருந்து விலகியதும் ஒரு பெண் செய்தபோது மட்டும் திமிராகப் பார்க்கப்பட்டன. அந்தச் சொல்லை இன்றும் யோசியாமல் அவர்மீது எழுதிவருவது நியாயமாகாது.

எழுத்தாளராக அவர் என்ன செய்தார்?

தெலுங்கில் அவர் எழுதிய 'அத்தகாரி கதலு', அதாவது மாமியார் கதைகள், பெரும் வரவேற்பைப் பெற்றவை. கொடுமைக்கார மாமியார் என்ற வழக்கமான உருவத்தைத் தள்ளிவிட்டு, மடியும் ஆசாரமும் வெகுளித்தனமும் நிறைந்த ஒரு மாமியாரை மருமகளின் பார்வையில் அன்போடும் சிரிப்போடும் எழுதினார். ஆந்திர சாகித்திய அகாதெமியின் விருது அதற்குக் கிடைத்தது. தன்வரலாறான 'நாலோ நேனு', திரைப்படம் பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது.

பிற்காலம், விருதுகள், மறைவு?

1966இல் பத்மஸ்ரீ, 2001இல் பத்மபூஷண். வயது ஏறியதும் பாட்டி வேடங்களுக்கு மாறினார். பாரதிராஜாவின் 'மண்வாசனை' தெலுங்கில் 'மங்கம்மகாரி மனவடு' (1984) ஆனபோது, தமிழில் காந்திமதி ஏற்றிருந்த பாட்டி வேடத்தை அங்கே பானுமதி ஏற்றார். படத்தின் தலைப்பே அந்தப் பாட்டியின் பெயரைத் தாங்கியது. தமிழில் இளைய தலைமுறை அவரை ஆர்.கே. செல்வமணியின் 'செம்பருத்தி' (1992) படத்தில் பார்த்தது. 2005 டிசம்பர் 24 அன்று சென்னையில் காலமானார்.

அவருடைய படங்களை முதன்முறையாகப் பார்க்க விரும்புபவர் எதில் தொடங்கலாம்?

முதலில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. வண்ணமும் ஆட்டமும் பாட்டும் உங்களை எளிதாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து 'அன்னை', நடிகையின் ஆழம் அதில் தெரியும். பழைய அச்சின் மங்கலான ஒளியையும் நீண்ட வசனங்களையும் பொறுத்துக்கொள்ளப் பழகியபின் 'ரங்கூன் ராதா'வைப் பாருங்கள். தெலுங்கு புரியாவிட்டாலும் 'மல்லீஸ்வரி'யை விட்டுவிடாதீர்கள். கதையை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் போதும். ராஜேஸ்வர ராவின் இசையும் பானுமதியின் குரலும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.